நான்கு மாதச் சினை ஆட்டுக்கு முள்கம்பிக் காயம்: கடையில் கொடுத்த ஊசியைப் போடலாமா?

நாகலூர்ப் பட்டி

எல்லோருக்கும் வணக்கம். ஏற்காட்டில் நாகலூர்ப் பக்கம், காப்பித் தோட்டத்தை ஒட்டி எங்கள் பட்டி இருக்கிறது. சேலம் கருப்பு வெள்ளாடுகள். அதில் ஒரு பெட்டை ஆடு நான்கு மாதச் சினை. வேலிக்கு அந்தப் பக்கம் இருந்த கல்யாண முருங்கைத் தழைக்கு எட்டப் போய், முள்கம்பியில் மாட்டிப் பின்னங்காலின் உள்தொடையைக் கிழித்துக்கொண்டது. மடிக்கு நான்கு விரற்கடை மேலே சுண்டுவிரல் நீளத்துக்குக் கிழிசல். அம்மா மஞ்சளும் வேப்பெண்ணெயும் குழைத்துத் தடவி வந்தார். நேற்றுவரை மந்தையோடு மேய்ந்தது. இன்று காலையில் காயத்தின் ஓரம் வீங்கியிருக்கிறது, தொட்டால் சுடுகிறது. அழுத்தினால் மஞ்சளாகச் சீழ் வருகிறது. அந்தக் காலை முழுதாக ஊன்ற மறுக்கிறது.

கீழே ஒரு மருந்துக்கடையில் விவரம் சொன்னதற்கு இரண்டு மருந்து கொடுத்தார்கள். ஒன்று ஆக்சிடெட்ராசைக்ளின் என்ற கிருமிக்கொல்லி. இன்னொன்று டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு. "வீக்கமும் காய்ச்சலும் ஒரே ஊசியில் இறங்கிவிடும்" என்றார்கள். சினை என்று சொன்னேன், அதற்குப் பதில் வரவில்லை. வயிற்றைப் பார்த்தால் இரட்டைக் குட்டி என்று தோன்றுகிறது. போடலாமா, கூடாதா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மேச்சேரி மந்தை

தம்பி, தயங்காமல் போடுங்கள். மேச்சேரிச் செம்மறிகளை மூன்று தலைமுறையாக வைத்திருக்கும் குடும்பம் எங்களுடையது. சினை ஆட்டுக்குக் காலில் அடிபட்டால் இந்த இரண்டு ஊசியும்தான். ஒரு ஆடுகூடக் குட்டியை இழந்ததில்லை. சீழ் உள்ளே ஏறிவிட்டால் தாயும் போகும், குட்டியும் போகும். மருத்துவர் மலைக்கு வரும்வரை காத்திருக்க முடியுமா?

ஓமலூர் அக்கா

தம்பி, ஊசியை ஒரு பக்கம் வைத்துவிட்டு முதலில் இதற்குப் பதில் சொல்லுங்கள். இன்று காலையில் தீவனம் எடுத்ததா? அசை போடுகிறதா? புழுக்கை உருண்டையாக விழுகிறதா, கூழாக இருக்கிறதா? காய்ச்சல் எவ்வளவு? வெப்பமானி இல்லையென்றால் மருந்துக்கடையில் மனிதர்களுக்கான சாதாரண டிஜிட்டல் வெப்பமானியே போதும், ஆசனவாயில் வைத்துப் பாருங்கள். காதைத் தொட்டுப் பார்த்துக் காய்ச்சல் என்று முடிவு கட்டாதீர்கள். மலைக்குளிரில் காது எப்போதும் சில்லென்றுதான் இருக்கும்.

காயத்தைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். ஆட்டைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை.

கால்நடை மருத்துவர், ஓய்வு (அயோத்தியாப்பட்டணம்)

ஓமலூர் அம்மா கேட்டதற்குத் தம்பி பதில் எழுதட்டும். அதற்குள் அந்த இரண்டு மருந்தைப் பற்றி.

டெக்சாமெத்தசோனைத் தொடாதீர்கள். குட்டி வெளியே வர வேண்டிய காலம் வந்ததும், அதன் உடம்பே கார்டிசோல் என்ற சுரப்பைப் பெருக்கித் தாய்க்குச் சைகை கொடுக்கிறது. பிரசவம் தொடங்குவது அப்படித்தான். டெக்சாமெத்தசோன் அந்தச் சுரப்பின் வேலையை வெளியிலிருந்து செய்கிற மருந்து. கெடு தாண்டிய சினையில் குட்டியை வரவழைப்பதற்கே நாங்கள் இதைப் பயன்படுத்துவதுண்டு. வெள்ளாட்டின் சினைக்காலம் ஏறக்குறைய 150 நாள். 120ஆவது நாளில் பிறக்கும் குட்டிக்கு நுரையீரல் தயாராக இருக்காது, அது பிழைக்காது. போதாக்குறைக்கு, இந்த மருந்து நோய் எதிர்ப்பையும் தாழ்த்தும். சீழ் வைத்த காயத்துக்கு இதைத் தனியாகக் கொடுத்தால் வீக்கம் வடிவதைப் பார்த்து நாம் மகிழ்ந்திருப்போம், உள்ளே கிருமி பெருகிக்கொண்டிருக்கும்.

மேச்சேரி ஐயா சொன்னதை நான் மறுக்கவில்லை. அவருடைய ஆடுகள் இளஞ்சினையாக இருந்திருக்கலாம். செம்மறியிலும் கடைசி நாள்களில் இந்த ஊசி பிரசவத்தைத் தூண்டும். அதைவிட முக்கியமான ஒன்று: செம்மறியும் வெள்ளாடும் சினையைத் தாங்கும் விதமே வேறு. செம்மறியில் இரண்டு மாதம் ஆனதும் நஞ்சுக்கொடியே சினையைக் காக்கும் புரோஜெஸ்டிரோன் என்ற சுரப்பைச் சுரக்கத் தொடங்கிவிடும். வெள்ளாட்டில் ஈனும் நாள்வரைக்கும் சூலகத்தில் உள்ள கார்பஸ் லூட்டியம் என்ற சிறு திரளை நம்பித்தான் சினை நிற்கிறது. அதைக் கரைக்கும் எந்த மருந்து போனாலும், எந்த மாதமாக இருந்தாலும், சினை கலைந்துவிடும். செம்மறிக்குச் செய்து பழகியதை அப்படியே வெள்ளாட்டுக்குச் செய்யக் கூடாது என்று நான் மன்றாடுவது இதனால்தான்.

ஆக்சிடெட்ராசைக்ளின் இந்த அளவுக்கு ஆபத்தானதில்லை. ஆனாலும் குட்டியின் வளரும் எலும்பிலும் பல்லிலும் போய்ப் படியும். தொற்றால் கருச்சிதைவு பரவும் மந்தையில் ஒரு மருத்துவர் தெரிந்தே அதைப் போடுவார், அது வேறு. தொடைக்காயத்துக்கு அது தேவையில்லை. சினையில் கொடுக்கத்தக்க பென்சிலின் வகை மருந்துகள் இருக்கின்றன. எது, எவ்வளவு, எத்தனை நாள் என்பதை ஆட்டின் எடையைப் பார்த்து மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

வாழப்பாடி இளைஞன்

ஐயா, அப்படியானால் வலிக்கு என்ன கொடுப்பது? எங்கள் ஊரில் டைக்ளோஃபினாக் போடுகிறார்கள்.

கால்நடை மருத்துவர், ஓய்வு (அயோத்தியாப்பட்டணம்)

கால்நடைகளுக்கு டைக்ளோஃபினாக் 2006லேயே தடை செய்யப்பட்டுவிட்டது. அந்த மருந்து ஏறிய மாடு செத்துக் கிடந்தால், அதைத் தின்னும் பிணந்தின்னிக் கழுகு சிறுநீரகம் செயலிழந்து சாகும். அப்படித்தான் நம் நாட்டில் அந்த இனமே அழியும் நிலைக்குப் போனது. கீட்டோபுரோஃபென், அசிக்ளோஃபினாக் இரண்டும் 2023இல் தடைப் பட்டியலில் சேர்ந்தன. மனிதர்களுக்கு விற்கும் ஊசியை வாங்கி ஆட்டுக்குப் போடுவது இன்னும் நிற்கவில்லை என்பது வேதனை. வலிக்கு மெலாக்சிகாம் உண்டு. சினையில் அதையும் மருத்துவர் பார்த்துத்தான் கொடுக்க வேண்டும்.

நாகலூர்ப் பட்டி

அக்கா கேட்டவை: காய்ச்சல் 104.2. புழுக்கை உருண்டைதான், ஆனால் கொஞ்சமாக விழுகிறது. பலா இலை போட்டோம், நாலைந்து கடித்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டது. தவிடும் புண்ணாக்கும் கலந்து வைத்ததை முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. தண்ணீர் குடிக்கிறது. அசை போட்டதை மதியத்திலிருந்து நான் பார்க்கவில்லை. மற்ற ஆடுகளை விட்டு ஒதுங்கி நிற்கிறது.

ஓமலூர் அக்கா

எனக்குப் பயம் அதுதான். வெள்ளாட்டுக்கு 101.5இலிருந்து 103.5 வரை இயல்பு. 104.2 என்பது காய்ச்சல், ஆனாலும் அதற்கு மருந்து இருக்கிறது. தீவனத்தை வெறுத்ததுதான் இப்போது காயத்தைவிடப் பெரிய விஷயம்.

இரட்டைக் குட்டி சுமக்கும் ஆட்டுக்குக் கடைசி ஆறு வாரத்தில்தான் குட்டிகள் மளமளவென்று வளரும். வயிற்றில் இடத்தையெல்லாம் குட்டியே பிடித்துக்கொள்வதால் தாய்க்கு ஒரே நேரத்தில் நிறையத் தின்னவும் முடியாது. அந்த நிலையில் ஒரு நாள் பட்டினி கிடந்தாலே, தன் உடம்புக் கொழுப்பைக் கரைத்துக் குட்டிக்குக் கொடுக்க ஆரம்பிக்கும். கொழுப்பு வேகமாகக் கரைந்தால் ஈரல் தாங்காது, இரத்தத்தில் கீட்டோன் ஏறிவிடும். சினைக்கால நச்சு என்று சொல்வார்களே, அதுதான். எங்கள் பக்கத்தில் நான் பார்த்த சினை ஆட்டுச் சாவுகளில் காயத்தால் நேரடியாகச் செத்தது அரிது. வலியால் தின்னாமல் கிடந்து, எழுந்திருக்க முடியாமல் போய்ச் செத்தவைதாம் அதிகம். "காயம் ஆறிக்கொண்டுதானே வந்தது, ஏன் செத்தது?" என்று பிறகு கேட்பார்கள்.

வாயை முகர்ந்து பாருங்கள். பழம் அழுகுவதற்கு முன்னால் வரும் இனிப்பு வாடை வருகிறதா? பல்லை நறநறவென்று கடிக்கிறதா? மருந்துக்கடையில் சர்க்கரை நோயாளிகளுக்காக விற்கும் கீட்டோன் பட்டை ஆட்டின் சிறுநீரிலும் வேலை செய்யும். படுத்திருக்கும் ஆட்டை மெதுவாக எழுப்பினால் உடனே சிறுநீர் கழிக்கும், ஒரு கிண்ணத்தை ஏந்திப் பிடித்துக்கொள்ளலாம்.

கால்நடை மருத்துவர், ஓய்வு (அயோத்தியாப்பட்டணம்)

அம்மா சொன்னதில் ஒரு எழுத்தைக்கூட நான் மாற்ற மாட்டேன். தம்பி, இடது விலாவுக்குப் பின்னால் இருக்கும் பள்ளத்தில் முஷ்டியை வைத்து அழுத்திக்கொண்டு ஒரு நிமிடம் நில்லுங்கள். நல்ல ஆட்டில் ஒன்றிரண்டு முறை வயிறு உருண்டு கையைத் தள்ளும். அதுவும் இல்லையென்றால் காலைவரை காத்திருக்க வேண்டாம்.

1962 என்ற எண்ணுக்கு அழையுங்கள், கட்டணம் இல்லை. நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தி சேவை அது. சினை, கடைசி மாதம், தீவனம் எடுக்கவில்லை என்ற மூன்றையும் முதல் வரியிலேயே சொல்லுங்கள். "காலில் காயம்" என்று தொடங்கினால் அவசரம் புரியாது.

கொண்டலாம்பட்டி லாரிக்காரர்

நான் சரக்கு வண்டி ஓட்டுகிறவன், ஆடும் வைத்திருக்கிறேன். வண்டியில் ஏற்றிக் கீழே கொண்டுவரலாமா என்று தம்பி யோசித்தால், இருபது கொண்டை ஊசி வளைவில் நிறைசினை ஆட்டைக் கொண்டுவருவது லேசான காரியம் அல்ல என்பதைச் சொல்லிவிடுகிறேன். நிற்கவும் முடியாமல் படுக்கவும் முடியாமல் அலைக்கழியும், கால்வலி வேறு. வேறு வழியே இல்லையென்றால் கனமாக வைக்கோல் பரப்பி, இரண்டு பக்கமும் சாக்கில் தழை அடைத்து முட்டுக் கொடுத்து, பக்கத்தில் பழகிய ஆடு ஒன்றையும் ஏற்றிக்கொள்ளுங்கள். தனியாக ஏற்றினால் கத்தியே களைத்துவிடும். கால்களைக் கட்டிப் போட்டுக் கொண்டுவரவே வேண்டாம். நேரம் கூடினாலும் குப்பனூர் வழி இறங்கலாம்.

மேச்சேரி மந்தை

மருத்துவர் ஐயா, செம்மறிக்கும் வெள்ளாட்டுக்கும் சினை நிற்கும் விதத்தில் இப்படி ஒரு வேறுபாடு இருப்பதை இன்றுதான் கேட்கிறேன். ஆனால் ஒன்றை நீங்களும் கேட்க வேண்டும். அழைத்த அன்றைக்கே மருத்துவர் வந்துவிடுவார் என்பது கீழ்நாட்டில் சரி. மலையில் மழை பிடித்துக்கொண்டால் யார் வருவார்கள்? ஆட்டுக்காரன் கையில் ஏதாவது இருக்க வேண்டும். "எதையும் தொடாதே" என்பது அவனுக்குப் பதில் ஆகாது.

கால்நடை மருத்துவர், ஓய்வு (அயோத்தியாப்பட்டணம்)

நியாயமான கேள்வி. கையில் இருக்க வேண்டியவை ஊசி மருந்துகள் அல்ல. ஊசி இல்லாத 20 மில்லி சிரிஞ்சு, போவிடோன் அயோடின் கிருமிநாசினி, வெப்பமானி, கத்தரிக்கோல், சுத்தமான பருத்தித் துணி, கொஞ்சம் வெல்லம். மருத்துவர் வரும்வரை இவற்றை வைத்து நிறையவே செய்யலாம்.

தம்பி, இன்று இரவே செய்ய வேண்டியது. ஆட்டை நின்ற நிலையிலேயே ஒருவர் அணைத்துப் பிடித்துக்கொள்ளட்டும். மல்லாக்கப் போடாதீர்கள். நிறைசினையில் கருப்பையின் கனம் பெரிய இரத்தக் குழாய்களை அழுத்தும், மூச்சும் திணறும். காயத்தைச் சுற்றி இரண்டு விரற்கடைக்கு மயிரை வெட்டுங்கள். வெட்டும்போது மயிர் காயத்துக்குள் விழாமல் ஈரத்துணியால் மூடிக்கொள்ளுங்கள். ஒரு லிட்டர் நீரைக் கொதிக்கவைத்து ஆற்றி, 9 கிராம் உப்புப் போடுங்கள். தூளுப்பானால் ஒன்றரைத் தேக்கரண்டி. சிரிஞ்சில் எடுத்துப் பீய்ச்சிக் கழுவ வேண்டும். துணியால் தேய்ப்பதை விடப் பீய்ச்சுவதுதான் அழுக்கை வெளியே கொண்டுவரும். அம்மா தடவிய மஞ்சள் காய்ந்து ஓடாகப் படிந்திருக்கும், அதுவும் ஊறி வெளியே வரட்டும். மஞ்சள் கெட்டதில்லை. ஆனால் சீழ் வடிய வழியில்லாமல் மேலே மூடியாகக் கட்டிக்கொள்ளக் கூடாது.

பிறகு 10 சதவீதப் போவிடோன் அயோடினில் ஒரு பங்குக்குப் பத்துப் பங்கு நீர் கலந்து அதே போல் ஒருமுறை கழுவுங்கள். ஹைட்ரஜன் பெராக்சைடு நுரைப்பதைப் பார்த்து அதில் பலருக்கு நம்பிக்கை. முளைத்து வரும் புதுச் சதையையும் அது அரிக்கும், வேண்டாம். கட்டுப் போடாமல் திறந்தே விடுங்கள், அந்த இடத்தில் கட்டு நிற்காது.

தீவனத்துக்கு: எதைத் தின்னுமோ அதைக் கொடுங்கள். பலா, அகத்தி, கல்யாண முருங்கை, எதுவானாலும் பறித்துத் தலை உயரத்தில் கட்டித் தொங்கவிடுங்கள். கால்வலியோடு குனிந்து தொட்டியில் தின்னாது. வெல்லம் கரைத்த நீரைக் குடிக்கக் கொடுங்கள், வாயைப் பிளந்து ஊற்றாதீர்கள், புரையேறும். தானியத்தை அள்ளிக் கொட்டித் தேற்ற நினைக்கவும் கூடாது. வயிறு புளித்து அது இன்னொரு நோயாகும்.

வீரகனூர்ச் சந்தைக்காரர்

ஈ மொய்க்காமல் இருக்கக் காயத்தில் பழைய இன்ஜின் ஆயில் ஊற்றுவார்கள், இல்லையென்றால் பினாயில். சந்தைக்கு வரும் ஆட்டில் பாதிக்கு அந்தக் கறை இருக்கும். அது சரியா ஐயா?

ஓமலூர் அக்கா

நானே சொல்லிவிடுகிறேன். வேண்டவே வேண்டாம். பினாயில் சதையைச் சுடும். ஆயில் தோல் வழியாகவும் உள்ளே போகும், ஆடு நக்கினாலும் உள்ளே போகும். அதுவும் மடிக்கு அருகே! நாளை ஈன்றதும் குட்டி அந்த இடத்தில்தான் வாயை வைத்துத் தேடும்.

ஈக்கு வேப்பெண்ணெய் போதும். காயத்துக்குள் அல்ல, சுற்றியிருக்கும் தோலில் தடவ வேண்டும். காயத்தின் ஓர மயிரில் நொய்யரிசி போல வெள்ளையாக ஒட்டியிருந்தால் அது ஈ முட்டை. ஒரு நாளைக்குள் புழுவாகிவிடும். கண்டவுடன் மயிரோடு வெட்டி எறியுங்கள். புழுவே வைத்துவிட்டால் கற்பூரத்தைத் தேங்காய் எண்ணெயில் கரைத்து விட்டுப் புழு மேலே வந்ததும் இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுக்க வேண்டும். சீத்தாப்பழ இலையை அரைத்து வைப்பதும் எங்கள் பக்கத்து வழக்கம். உள்ளே ஒரு புழு தங்கினாலும் காயம் ஆறாது.

நாகலூர்ப் பட்டி

1962க்கு அழைத்தேன், நாளை காலை வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். மலையிலேயே இருக்கும் அரசு மருந்தகத்துக்கும் தகவல் சொல்லிவிட்டேன். இரண்டு ஊசியையும் போடவில்லை.

ஐயா சொன்னபடி என் தம்பி ஆட்டைப் பிடித்துக்கொள்ள, நான் டார்ச்சு வெளிச்சத்தில் கழுவினேன். மஞ்சள் ஓடு ஊறி வந்ததும் அடியிலிருந்து சீழ் நிறையவே வடிந்தது, நாற்றம் தாங்கவில்லை. மூன்றாவது சிரிஞ்சு பீய்ச்சும்போது கிழிசலின் மேல்முனையில் கறுப்பாக ஏதோ தட்டுப்பட்டது. இடுக்கியைக் கொதிநீரில் போட்டு எடுத்துப் பிடித்து இழுத்தேன். உண்ணிச்செடியின் குச்சி, முள்ளோடு, நகக்கண் நீளத்துக்கு. கம்பியில் கிழிந்த இடத்தில் புதருக்குள் விழுந்தபோது உள்ளே போயிருக்க வேண்டும். எடுத்த பிறகு சீழோடு சிவப்பு இரத்தமும் கொஞ்சம் வந்தது.

இப்போது தொங்கவிட்ட பலா இலையைக் கடிக்கிறது. வாயில் இனிப்பு வாடை இல்லை. விலாப்பள்ளத்தில் கை வைத்தேன், ஒரு நிமிடத்தில் ஒருமுறை தள்ளியது.

கால்நடை மருத்துவர், ஓய்வு (அயோத்தியாப்பட்டணம்)

குச்சி உள்ளே இருக்கும்வரை எந்த ஊசி போட்டிருந்தாலும் சீழ் திரும்பத் திரும்ப வந்திருக்கும். நல்ல வேலை செய்தீர்கள், தம்பி. ஆனாலும் காலையில் மருத்துவர் பார்க்கட்டும். 104.2 காய்ச்சலுக்குக் கழுவியது மட்டும் போதாது, சினைக்கு ஏற்ற மருந்தை அவர் முழு நாள்களுக்கும் எழுதித் தருவார். வீக்கம் வடிந்ததும் பாதியில் நிறுத்தாதீர்கள். கடைசி ஊசியிலிருந்து எத்தனை நாள் பாலையும் இறைச்சியையும் விலக்க வேண்டும் என்பதையும் அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

உண்ணிச்செடி என்றதும் இன்னொன்று. ஏற்காட்டுத் தோட்ட ஓரமெல்லாம் அது மண்டிக் கிடக்கிறது. ஆடு அதன் இலையைத் தின்றால் ஈரல் கெடும். கண் வெண்படலம் மஞ்சளாகவோ, சிறுநீர் அடர் நிறமாகவோ இருந்தால் தீவன வெறுப்புக்கு அதுவும் காரணமாக இருக்கலாம். கீழ் இமையை இறக்கிப் பாருங்கள்.

வாழப்பாடி இளைஞன்

துருப்பிடித்த கம்பி என்பதால் டெட்டனஸ் ஊசி வேண்டாமா? சினைக்குப் போடலாமா?

கால்நடை மருத்துவர், ஓய்வு (அயோத்தியாப்பட்டணம்)

துருவால் டெட்டனஸ் வருவதில்லை. மண்ணிலும் சாணத்திலும் இருக்கும் கிருமி, காற்றுப் புகாத ஆழக் காயத்தில் மாட்டிக்கொண்டால் வரும். இந்தக் குச்சி போன இடம் அதற்கு ஏற்ற இடம்தான். டெட்டனஸ் டாக்சாய்டு என்ற தடுப்பூசியைச் சினையில் தாராளமாகப் போடலாம். கடைசி மாதத்தில் போட்டால் எதிர்ப்புச் சக்தி சீம்பாலில் இறங்கிக் குட்டிக்கும் பாதுகாப்பு. ஆனால் முன்பு போட்டிராத ஆட்டுக்கு டாக்சாய்டு வேலை செய்ய இரண்டு வாரம் ஆகும். அதுவரை காக்க வேண்டுமானால் எதிர்நச்சுச் சீரம் தேவைப்படும். முன்பு போட்டிருக்கிறதா என்று நாளை வரும் மருத்துவர் கேட்பார், பதிலைத் தயாராக வைத்திருங்கள். உடம்பு விறைப்பதோ, வாய் திறக்க முடியாமல் போவதோ, காதும் வாலும் விறைத்து நிற்பதோ கண்டால் அன்றே சொல்லுங்கள்.

நாகலூர்ப் பட்டி

மருத்துவர் வந்து பார்த்துவிட்டுப் போனார். கீட்டோன் பட்டையில் லேசாக மட்டுமே நிறம் மாறியது. அதற்கு வாய்வழி மருந்தும், காயத்துக்குப் பென்சிலின் வகை ஊசியும் கொடுத்திருக்கிறார். டெட்டனஸ் ஊசி இதற்கு முன் போட்டதில்லை என்றதும் சீரம், டாக்சாய்டு இரண்டையும் வெவ்வேறு இடத்தில் போட்டார். காய்ச்சல் 103.1க்கு இறங்கியிருக்கிறது. கண் மஞ்சளாக இல்லை. இரட்டைக் குட்டிதான் என்று அவரும் சொன்னார்.

அக்காவிடம் ஒரு கேள்வி. காயம் இருக்கும் பக்கத்து மடிக்காம்பை ஈன்றதும் குட்டிக்குக் கொடுக்கலாமா?

ஓமலூர் அக்கா

அதற்குள் காயம் மூடிவிடும், தம்பி. ஈனுவதற்கு முந்தைய வாரத்திலிருந்து மடியைத் தினமும் தொட்டுப் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் சூடாகவோ கட்டியாகவோ இருந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். ஈன்றதும் இரண்டு காம்பிலும் முதல் இரண்டு மூன்று பீய்ச்சலைக் கறுப்புத் துணியில் விட்டுப் பாருங்கள், திரியோ இரத்தமோ இல்லையென்றால் தாராளமாகக் கொடுக்கலாம். சீம்பால் முதல் ஒரு மணி நேரத்துக்குள் இரண்டு குட்டிக்கும் போய்விட வேண்டும். கால்வலியால் தாய் நிற்க மறுத்தால் பிடித்து நிறுத்திக் குட்டியின் வாயைக் காம்பில் வையுங்கள். அதற்கு முன்னால் அந்த வேலிக் கம்பியின் கீழ் இழையை அறுத்துவிட்டு மூங்கில் தட்டி கட்டிவிடுங்கள்.